மீனாட்சி கோயில் கதவைத் திறக்க ஒரு வக்கீல் என்னவெல்லாம் செய்தார்? மதுரை வைத்தியநாத ஐயரின் கதை

மதுரைக்குப் போனால் நீங்கள் கட்டாயம் மீனாட்சி அம்மன் கோயிலுக்குப் போவீங்க. செருப்பைக் கழற்றிப் போட்டு, செல்போனைக் கொடுத்து டோக்கன் வாங்கி, வரிசையில் நின்று, பொற்றாமரைக் குளத்தைப் பார்த்துவிட்டு அம்மன் சந்நிதிக்குள் நுழைவீங்க. வாசலில் யாரும் உங்கள் சாதியைக் கேட்கப்போவதில்லை. கேட்பார்கள் என்ற நினைப்புகூட இன்று நமக்கு வராது.

1939-ம் ஆண்டு ஜூலை 7-ம் தேதி வரைக்கும் நிலைமை வேறு. அதே வாசலில், மதுரை ஜில்லாவில் நெல் நட்டவர்களும் அறுத்தவர்களும் பறையடித்தவர்களும் தோல் பதப்படுத்தியவர்களும் வெளியிலேயே நின்று கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுத் திரும்பினார்கள். நாடார் சமூகத்துக்கும் அனுமதி கிடையாது. ஜூலை 8, சனிக்கிழமை காலையில் அது மாறியது. ஒரு வக்கீலும் அவரோடு சில பேரும் உள்ளே போனார்கள், சாமி கும்பிட்டார்கள், வெளியே வந்தார்கள். பார்ப்பதற்கு அவ்வளவுதான். ஆனால் அந்தச் சில நிமிடங்களுக்குப் பின்னால் பல வருட வேலை இருக்கிறது. அதைச் செய்த ஆளைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

அவர் பெயர் அ. வைத்தியநாத ஐயர். ஊர்க்காரர்களுக்கு மதுரை வைத்தியநாத ஐயர்.

தஞ்சாவூரில் பிறந்து மதுரைக்காரர் ஆனவர்

1890 மே 16-ல் தஞ்சாவூர் ஜில்லா விஷ்ணம்பேட்டையில் பிறந்தார். அப்பா அருணாசலம் ஐயர், அம்மா லட்சுமி அம்மாள். எட்டுப் பிள்ளைகள் இருந்த பெரிய குடும்பம். அப்பா கணக்கு வாத்தியார். படிப்புக்காக வைத்தியநாதன் மதுரைக்கு வந்து சேதுபதி பள்ளியில் படித்தார். அதற்குப் பிறகு கல்லூரி, பட்டம், சிறிது காலம் ஆசிரியர் வேலை, பிறகு சட்டம். மதுரையில் வக்கீல் தொழிலில் இறங்கியதும் நல்ல பெயர், நல்ல வருமானம். கார் வைத்திருந்தார் என்றால் அந்தக் காலத்தில் அது எப்படிப்பட்ட வசதி என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

அப்படியே இருந்திருக்கலாம். கோர்ட், கட்சிக்காரர்கள், வீடு, வயசான பிறகு காசி யாத்திரை என்று ஒரு நிம்மதியான வாழ்க்கை. ஆனால் அன்றைய மதுரை அப்படி யாரையும் சும்மா இருக்க விடும் ஊராக இல்லை. 1921 செப்டம்பரில் காந்தி தன் சட்டையையும் தலைப்பாகையையும் விட்டுவிட்டு அரை வேட்டிக்கு மாறியது மேலமாசி வீதியில்தான். ஜார்ஜ் ஜோசப் என்ற பாரிஸ்டர், குற்றப் பரம்பரைச் சட்டத்தில் சிக்கிய கள்ளர் மக்களுக்காக இதே ஊரில் வாதாடிக்கொண்டிருந்தார். அவரை அந்த மக்கள் ரோசாப்பூ துரை என்று இன்றும் நினைவில் வைத்திருக்கிறார்கள்.

வைத்தியநாத ஐயரும் காங்கிரஸுக்குள் வந்தார். 1930-ல் ராஜாஜி தலைமையில் வேதாரண்யம் உப்புச் சத்தியாக்கிரகம் நடந்தபோது அங்கே போய், தடையை மீறிப் பேசி, போலீஸிடம் அடிவாங்கிச் சிறைக்குப் போனார். அதற்குப் பிறகும் சிறைவாசம் தொடர்ந்தது. அபராதம் கட்டாததற்காக அவருடைய காரையும் சட்டப் புத்தகங்களையும் ஜப்தி செய்துகொண்டு போனார்கள். வக்கீலிடமிருந்து சட்டப் புத்தகத்தை எடுப்பது தச்சரிடமிருந்து உளியைப் பிடுங்குகிற மாதிரி. மனைவி அகிலாண்டம்மாளும் பின்வாங்கவில்லை, அவரும் போராட்டத்தில் இறங்கினார்.

இதெல்லாம் அந்தக் காலத்துத் தியாகிகள் பலர் வாழ்க்கையிலும் உண்டு. இவரைத் தனியாக நிறுத்துவது 1932-க்குப் பிறகு இவர் எடுத்துக்கொண்ட வேலை.

சங்கம் என்ற பெயரில் என்ன வேலை?

1932 செப்டம்பரில் பூனா ஒப்பந்தம் கையெழுத்தானது. அந்தச் சூட்டோடு சூடாக, தீண்டாமைக்கு எதிராக வேலை செய்ய ஒரு அமைப்பு வேண்டும் என்று தொடங்கப்பட்டதுதான் ஹரிஜன சேவக சங்கம். தொழிலதிபர் ஜி.டி. பிர்லா தலைவர், தக்கர் பாபா செயலாளர். (ஹரிஜன் என்ற சொல்லை அந்த மக்களே பின்னால் வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டார்கள். இங்கே சங்கத்தின் பெயராக மட்டும் அதைப் பயன்படுத்துகிறேன்.) சங்கத்தின் தமிழ்நாட்டுக் கிளைக்குத் தலைவராக வந்தவர் வைத்தியநாத ஐயர். செயலாளராக அவரோடு உழைத்தவர் எல்.என். கோபாலசாமி.

இன்று நாம் என்.ஜி.ஓ. என்று சொல்கிறோமே, கிட்டத்தட்ட அந்த மாதிரி அமைப்புதான். நன்கொடையில் ஓடுவது, அரசாங்கத்தைச் சேராதது, மக்கள் மனதையும் சட்டத்தையும் மாற்றப் பார்ப்பது. பணம் எங்கிருந்து வந்தது? 1933 நவம்பரிலிருந்து சுமார் ஒன்பது மாதம் காந்தி நாடு முழுக்கச் சுற்றி, கிட்டத்தட்ட 12,500 மைல் பயணம் செய்து, ஏறக்குறைய 8 லட்சம் ரூபாய் திரட்டினார். பெண்கள் கழற்றிக் கொடுத்த வளையலும் தோடும் அதில் உண்டு. 1934 தொடக்கத்தில் அந்தப் பயணம் மதுரைக்கும் வந்தது. எல்லோரையும் விடாத கோயிலுக்குத் தானும் போவதில்லை என்று காந்தி மீனாட்சி கோயிலுக்குள் போகாமலேயே திரும்பினார்.

சங்கத்தின் அன்றாட வேலை கோயில் வாசலில் நடக்கவில்லை. கிணறு வெட்டுவது, இரவுப் பள்ளி நடத்துவது, மாணவர் விடுதி தொடங்குவது, படிக்கிற பிள்ளைகளுக்கு உதவித்தொகை வாங்கித் தருவது, கைத்தொழில் கற்றுத் தருவது என்று எல்லாம் சேரிகளில் நடந்தது.

ஏன் கிணறு, ஏன் விடுதி என்று கேட்டால், மதுரையைச் சுற்றியிருக்கிற சமவெளியைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். 1895-ல் பெரியாறு அணை கட்டி முடிந்ததும் மேலூர்ப் பக்கமெல்லாம் கால்வாய்த் தண்ணீர் வந்தது. மானாவாரி நிலம் நெல் வயலானது. ஆனால் நிலம் யார் பேரில்? வயலில் இறங்கி நடவு நட்ட குடும்பங்களில் பெரும்பாலானவர்களுக்குச் சொந்தமாக ஒரு குழி நிலம் கிடையாது. கால்வாயில் தண்ணீர் ஓடும், ஊர்க் கிணற்றில் அவர்கள் குடத்தை இறக்க முடியாது. ஊரில் பள்ளிக்கூடம் இருக்கும், பிள்ளையை உள்ளே விட மாட்டார்கள். விட்டாலும் தனியாக உட்கார வைப்பார்கள். டவுனில் வந்து படிக்கலாம் என்றால் தங்க வீடு கொடுக்க மாட்டார்கள். அதனால்தான் விடுதி முக்கியமானது. சாப்பாடும் படுக்க இடமும் இருந்தால்தான் மேலூரில் ஒரு பையன் எஸ்.எஸ்.எல்.சி. வரைக்கும் வர முடியும்.

மதுரை ஷெனாய் நகரில் சேவாலயம் என்ற விடுதி உருவானது. அதற்காக உழைத்தவர் என்.எம்.ஆர். சுப்பராமன், பின்னாளில் எம்.பி. ஆனவர். வைத்தியநாத ஐயர் தன் வீட்டையே ஒரு விடுதி மாதிரி வைத்திருந்தார். தலித் மாணவர்களும் தொண்டர்களும் அந்த வீட்டுக்குள் வந்தார்கள், தங்கினார்கள், சேர்ந்து சாப்பிட்டார்கள். ஒரு பிராமண வீட்டில் 1930-களில் இது நடந்தது. அதற்கான விலையைச் சொந்தக்காரர்களும் அக்கம்பக்கமும் அவருக்குக் கொடுக்க வைத்தார்கள். சாதியை விட்டு விலக்கி வைக்கும் அளவுக்குப் பேச்சும் ஏச்சும் வந்தன.

கமுதியில் நடந்தது என்ன?

இப்போ கோயிலுக்கு வருவோம். கோயிலுக்குள் போகணும்னா போயிட வேண்டியதுதானே, அதற்கு ஏன் இத்தனை ஏற்பாடு என்று உங்களுக்குத் தோன்றலாம். அன்றைக்குச் சட்டமே குறுக்கே நின்றது.

1897-ல் கமுதியில் இருக்கிற மீனாட்சி சுந்தரேஸ்வரர் கோயிலுக்குள் நாடார் சமூகத்தைச் சேர்ந்த சிலர் போய்ப் பூஜை செய்தார்கள். கோயில் ராமநாதபுரம் சமஸ்தானத்தைச் சேர்ந்தது. வழக்கு மதுரை கோர்ட்டுக்கு வந்தது. நாடார்களுக்கு அந்தக் கோயிலில் நுழைய உரிமை கிடையாது, தீட்டுக் கழிக்கும் சடங்குக்கு ஆன செலவை அவர்கள்தான் கட்ட வேண்டும் என்று தீர்ப்பானது. லண்டன் பிரிவி கவுன்சில் வரைக்கும் போனார்கள். 1908-ல் அங்கேயும் அதே முடிவு.

இதன் அர்த்தம் புரிகிறதா? வழக்கம் என்று ஒன்று இருந்தால் அதை மீறுகிறவன் குற்றவாளி, உள்ளே விட்ட அதிகாரியும் மாட்டிக்கொள்வார். வைத்தியநாத ஐயர் வக்கீல். இந்தத் தீர்ப்பு அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது. உணர்ச்சிவசப்பட்டு நாலு பேரைக் கூட்டிக்கொண்டு உள்ளே போனால், அடுத்த வாரமே கோர்ட்டில் தோற்று, கதவு முன்பைவிட இறுக்கமாகப் பூட்டப்படும்.

அதனால் அவர் இரண்டு முனையிலும் வேலை செய்தார். ஒன்று, ஊர் மனதை மாற்றுவது. கூட்டம் கூட்டமாகப் பேசினார்கள், தெருத் தெருவாகப் போனார்கள். 1939 ஜூன் மாதம் மதுரையில் ஆலயப் பிரவேச மாநாடு நடந்தது. சங்கத்தின் அகில இந்தியத் துணைத் தலைவர் ராமேஸ்வரி நேரு அதற்காக வந்திருந்தார். இன்னொன்று, சென்னையில் இருந்த அரசாங்கம். 1937-லிருந்து ராஜாஜி முதல் மந்திரி. திருவிதாங்கூரில் 1936 நவம்பரில் மகாராஜாவே பிரகடனம் போட்டு அரசுக் கோயில்களைத் திறந்துவிட்டிருந்தார். சென்னை மாகாணத்தில் அப்படி உத்தரவு போட ராஜா கிடையாது, சட்டசபைதான். 1938-ல் எம்.சி. ராஜா கோயில் நுழைவு மசோதா கொண்டுவந்தபோது, ராஜாஜி அதை ஏற்கவில்லை. மலபாருக்கு மட்டும் ஒரு சட்டம் வந்தது. எம்.சி. ராஜாவுக்கு அது பெரிய ஏமாற்றம். அந்தக் கசப்பு நியாயமானதும்கூட.

அப்போ வழி என்ன? ஒரு பெரிய கோயில் முதலில் திறக்கட்டும், சட்டம் பின்னால் ஓடி வரட்டும் என்பதுதான். தமிழ்நாட்டில் மீனாட்சி கோயிலைவிடப் பெரிய பெயர் எது இருக்கிறது?

ஜூலை 8, சனிக்கிழமை காலை

கோயிலின் நிர்வாக அதிகாரியாக அப்போது இருந்தவர் ஆர்.எஸ். நாயுடு. கோயில் நுழைவுக்கு அவர் ஆதரவாக இருந்தார். எதிர்ப்பு வலுவாக இருந்தது. வர்ணாசிரம சுயராஜ்ய சங்கம் என்ற அமைப்பு, நடேச ஐயர் தலைமையில், எந்த நிலையிலும் இதை விடக் கூடாது என்று நின்றது. அடிதடி நடக்கும் என்ற பேச்சும் ஊரில் ஓடியது. பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் கோயில் நுழைவுக்கு ஆதரவாக நின்றதால்தான் வம்பு செய்ய வந்தவர்கள் அடங்கினார்கள் என்று மதுரையில் இன்றும் சொல்வார்கள்.

அன்று காலை வைத்தியநாத ஐயரோடு உள்ளே போனவர்களின் பெயர்களைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். பி. கக்கன். சுவாமி முருகானந்தம். பூவலிங்கம். சின்னையா. முத்து. இந்த ஐந்து பேரும் தலித் சமூகத்தைச் சேர்ந்தவர்கள். கூடவே விருதுநகரிலிருந்து வந்த சண்முக நாடார். கமுதி வழக்கில் தோற்ற சமூகத்திலிருந்து ஒருவர், 42 வருஷம் கழித்து, இன்னொரு மீனாட்சி கோயிலுக்குள், இந்த முறை தலித் மக்களோடு சேர்ந்து நுழைகிறார். சங்கச் செயலாளர் கோபாலசாமியும் கூட இருந்தார்.

பெரும்பாலான கட்டுரைகளில் வைத்தியநாத ஐயர் பெயர் தலைப்பில் இருக்கும், மற்றவர்கள் பெயர் ஒரு வரியில் கடந்து போய்விடும். இந்தக் கட்டுரைத் தலைப்பும் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் ஆபத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். விஷயம் கைமீறிப் போயிருந்தால் வக்கீலய்யாவுக்கு வசவும் வழக்கும் வந்திருக்கும். கக்கனுக்கும் முத்துவுக்கும் அவர்கள் ஊரில் இருந்த சொந்தபந்தங்களுக்கும் வந்திருப்பது வேறு மாதிரி. கூலி வேலை போகலாம், குடிசை எரியலாம். அன்றைக்கு அந்த வாசலைத் தாண்ட அதிகத் தைரியம் யாருக்குத் தேவைப்பட்டிருக்கும் என்பதில் சந்தேகமே வேண்டாம்.

உள்ளே போனார்கள். தரிசனம் செய்தார்கள். வெளியே வந்தார்கள்.

பூட்டும், அவசரச் சட்டமும்

கதை அங்கே முடியவில்லை, ஆரம்பித்தது என்றுதான் சொல்லணும். பட்டர்களில் சிலர் கோயில் தீட்டுப்பட்டுவிட்டது, சுத்தி செய்யாமல் பூஜை செய்ய மாட்டோம் என்றார்கள். நிர்வாகம் அசையவில்லை. தீட்டே இல்லாதபோது எதற்குச் சுத்தி? வர மறுத்தவர்கள் மேல் நடவடிக்கை எடுத்து, பூஜை நிற்காமல் பார்த்துக்கொண்டார்கள். எதிர்ப்பாளர்கள் தமிழ்ச் சங்கம் ரோட்டில் இருந்த நடேச ஐயர் பங்களாவில் தனியாக ஒரு மீனாட்சியை வைத்துக் கும்பிட ஆரம்பித்தார்கள். சில ஆண்டுகள் மதுரையில் சிலருக்கு மீனாட்சி கோயில் என்றால் அந்த பங்களாதான்.

கோர்ட்டுக்கும் போனார்கள். இங்கேதான் ராஜாஜி அரசாங்கம் வேகமாக வேலை செய்தது. அந்த ஜூலை மாதத்திலேயே ஆளுநர் மூலம் அவசரச் சட்டம் வந்தது. அதைத் தொடர்ந்து கோயில் நுழைவு அங்கீகாரம் மற்றும் பாதுகாப்புச் சட்டம் 1939 நிறைவேறியது. எளிமையாகச் சொன்னால் அது இரண்டு காரியம் செய்தது. கோயிலைத் திறந்துவிட்ட அதிகாரிகள் மேலும் உள்ளே போனவர்கள் மேலும் வழக்குப் போட முடியாமல் பாதுகாப்புக் கொடுத்தது. மற்ற கோயில்களின் தர்மகர்த்தாக்களும், பக்தர்களில் பெரும்பாலோர் எதிர்க்கவில்லை என்று தெரிந்தால், அரசு ஒப்புதலோடு எல்லோருக்கும் கதவைத் திறக்கலாம் என்று வழி சொன்னது. கமுதியில் போட்ட முடிச்சு மதுரையில் அவிழ்ந்தது.

நேரத்தையும் கவனியுங்கள். அந்த செப்டம்பரில் இரண்டாம் உலகப் போர் தொடங்கியது. அக்டோபரில் காங்கிரஸ் மந்திரிசபை ராஜினாமா செய்துவிட்டுப் போனது. ஜூலையில் செய்யாமல் தீபாவளிக்குத் தள்ளிப் போட்டிருந்தால், சட்டம் போட மந்திரிசபையே இருந்திருக்காது.

அதற்குள் மாகாணத்தில் வேறு பல கோயில்களும் திறந்தன. தஞ்சாவூர் பெரிய கோயிலும் அதில் உண்டு. 1946 பிப்ரவரியில் காந்தி மறுபடியும் மதுரைக்கு வந்தார். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் நுழைய மறுத்த அதே மீனாட்சி கோயிலுக்குள் இந்த முறை போய்க் கும்பிட்டார். 1947-ல் வந்த சட்டம், தர்மகர்த்தா விருப்பம், பக்தர் விருப்பம் என்ற பேச்சையெல்லாம் விட்டுவிட்டு, கோயில் நுழைவை உரிமையாகவே ஆக்கியது. 1950-ல் அரசியல் சட்டத்தின் 17-வது பிரிவு தீண்டாமையையே ஒழித்ததாக அறிவித்தது.

சாமி கும்பிட்டால் பசி போகுமா?

நியாயமான கேள்வி. அந்தக் காலத்திலேயே இதைக் கேட்டவர்கள் உண்டு. முதலில் கேட்டவர்களில் ஒருவர் டாக்டர் அம்பேத்கர். சங்கம் தொடங்கிய சில வாரங்களிலேயே, 1932 நவம்பரில், தக்கர் பாபாவுக்கு அவர் ஒரு நீண்ட கடிதம் எழுதினார். நல்ல ஒழுக்கம் கற்றுத் தருவதும் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பள்ளிக்கூடம் திறப்பதும் போதாது என்பது அவர் வாதம். கிணறு, பள்ளி, பொது வழி ஆகியவற்றில் உரிமையை நிலைநாட்டப் போராட வேண்டும், மில்களில் நல்ல சம்பளம் தரும் நெசவுப் பகுதிகளில் தலித் தொழிலாளிகளைச் சேர்க்காமல் இருப்பதை உடைக்க வேண்டும், வேலைவாய்ப்பைத் திறக்க வேண்டும் என்றார். யாருக்காகச் சங்கம் நடக்கிறதோ அவர்கள் கையில் அதன் நிர்வாகம் இல்லை என்பதும் அவருடைய பெரிய குறை. சீக்கிரமே அவர் விலகிக்கொண்டார்.

அந்தக் குறையில் உண்மை இருக்கிறது. வைத்தியநாத ஐயரின் வாழ்க்கையைப் புகழ்ந்து எழுதும்போது இதை மறைக்கக் கூடாது. கோயில் கதவு திறந்த மறுநாளும் மேலூர் வயலில் கூலி ஏறவில்லை, நிலம் கைமாறவில்லை.

ஆனால் கோயிலை வெறும் சாமி விஷயமாகப் பார்த்தாலும் தப்பு. மதுரையில் கோயிலைச் சுற்றித்தான் கடைவீதி. ஆடி வீதி, சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி என்று ஊரே கோயிலைச் சுற்றிச் சுற்றித்தான் கட்டப்பட்டிருக்கிறது. யார் எவ்வளவு உள்ளே வரலாம் என்பதை வைத்துத்தான் யாருக்கு எந்தத் தெருவில் வீடு, எந்தத் தொழில், எவ்வளவு மரியாதை என்பதெல்லாம் இருந்தது. நடுவில் இருக்கிற கதவு திறந்தால், ஊர்ப் பள்ளிக்கூடத்தையும் கிணற்றையும் மூடி வைக்க ஒரு சாக்கு குறைகிறது. முழுசாகப் போய்விடவில்லை, குறைந்தது.

கக்கன் என்ற பதில்

அம்பேத்கர் கேட்ட கேள்விக்கு மதுரை மண் ஒரு அரைப் பதில் வைத்திருக்கிறது. அந்தப் பதிலின் பெயர் கக்கன்.

மேலூர் தாலுகா தும்பைப்பட்டியில் பிறந்தவர். வைத்தியநாத ஐயரின் கண்ணில் பட்டு, அவர் நிழலில் வளர்ந்து, மேலூர்ப் பக்கம் இரவுப் பள்ளி வேலைகளில் இறங்கியவர். கோயில் நுழைவில் முன்வரிசை. 1952-ல் மதுரையிலிருந்து எம்.பி. 1957-ல் காமராஜர் மந்திரிசபையில் பொதுப்பணித் துறை அமைச்சர். 1959-ல் வைகை அணை திறந்தபோது அந்தத் துறை அவர் பொறுப்பில் இருந்தது. பின்னால் உள்துறை அமைச்சராகவும் ஆனார். ஊர்க் கிணற்றில் குடத்தை இறக்கவிடாத சமூகத்திலிருந்து வந்த ஒருவர், மதுரைச் சமவெளிக்கே தண்ணீர் தேக்கும் துறையைக் கவனித்தார். பத்து வருஷம் அமைச்சராக இருந்தவர், கடைசிக் காலத்தில் மதுரை அரசு மருத்துவமனையில் சாதாரண வார்டில் படுத்திருந்தார் என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

விடுதியும் இரவுப் பள்ளியும் ஒரு மனிதரை எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதற்குக் கக்கன் சாட்சி. எத்தனை பேரை அப்படிக் கொண்டுபோக முடிந்தது என்று கேட்டால், போதுமான அளவுக்கு இல்லை. அதனால்தான் அரைப் பதில் என்றேன்.

வைத்தியநாத ஐயர் 1946-ல் மேலூரிலிருந்து சட்டசபைக்குத் தேர்வானார். பதவி, பவிசு எதையும் தேடிப் போகவில்லை. 1955 பிப்ரவரி 23-ல், 64 வயதில் காலமானார். அவருடைய இறுதிச் சடங்கில் நடந்ததாகச் சொல்லப்படுவதை மதுரையில் இன்னும் மறக்கவில்லை. பிள்ளைகளோடு சேர்ந்து, ஒரு பிள்ளையாகக் கக்கனும் கொள்ளி வைக்கும் சடங்குகளைச் செய்தார். உறவினர்கள் முகம் சுளித்தார்கள். கக்கனும் மகன்தான் என்று குடும்பம் உறுதியாக நின்றது. கோயில் கதவைவிட வீட்டுக் கதவைத் திறப்பது கஷ்டம், அதைவிடக் கஷ்டம் சுடுகாட்டில் மகன் என்று இடம் கொடுப்பது.

1999-ல் இந்திய அஞ்சல் துறை அவருக்குத் தபால்தலை வெளியிட்டது.

இன்னும் முடியாத வேலை

இதையெல்லாம் பழைய கதை என்று மூடி வைக்க முடியாது. அதே மேலூர்ப் பக்கம், மேலவளவில், ஊராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட தலித் சமூகத்து முருகேசனையும் உடன் இருந்தவர்களையும் 1997 ஜூனில் வெட்டிக் கொன்றார்கள். கோயில் நுழைவு நடந்து 58 வருஷம் ஆன பிறகு. உசிலம்பட்டிப் பக்கம் பாப்பாபட்டி, கீரிப்பட்டி ஊர்களில் தலைவர் பதவி தலித்களுக்கு ஒதுக்கப்பட்டதால், பத்து வருஷம் ஒழுங்காகத் தேர்தலே நடத்த முடியவில்லை. 2006-ல்தான் அது முடிந்தது. மீனாட்சி கோயிலுக்குள் யாரும் போகலாம், ஆனால் ஊராட்சி அலுவலக நாற்காலியில் யார் உட்காரலாம் என்ற கேள்வி அதற்குப் பிறகும் ரத்தம் கேட்டது. தமிழ்நாட்டுக் கிராமக் கோயில்களில் இன்றும் அவ்வப்போது பூட்டுப் போடுகிற செய்தி வருவதை நீங்களே படிக்கிறீங்க.

வைத்தியநாத ஐயரிடமிருந்து எடுத்துக்கொள்ள என்ன இருக்கிறது என்று கேட்டால், எனக்குத் தோன்றுவது இதுதான். அவர் கோபத்தை மட்டும் நம்பவில்லை, நல்லெண்ணத்தை மட்டும் நம்பியும் உட்காரவில்லை. முன்னால் தோற்ற வழக்கு ஏன் தோற்றது என்று பார்த்தார். கூட ஆள் சேர்த்தார். அதிகாரத்தில் இருப்பவரை நகர்த்தினார். உள்ளே இருக்கிற அதிகாரி ஒருவரைத் துணை சேர்த்தார். நேரம் வந்ததும் நாளைத் தள்ளவில்லை. இது இன்று ஒரு தெருக்குழாய்க்காகவோ, ஊர்ப் பொதுப் பாதைக்காகவோ, சுடுகாட்டு வழிக்காகவோ போராடுகிறவர்களுக்கும் பொருந்தும்.

அடுத்த முறை மதுரை போனால், அம்மன் சந்நிதி வரிசையில் நிற்கும்போது முன்னாலும் பின்னாலும் நிற்பவர்களைக் கொஞ்சம் பாருங்கள். யார் என்ன சாதி என்று உங்களால் சொல்ல முடியாது. கூட்டத்தில் முதுகில் கைபட்டு, தள்ளுப்பட்டு, ஒருவர் குழந்தையை இன்னொருவர் பிடித்துக்கொண்டு நகர்வோம். கக்கன், முருகானந்தம், பூவலிங்கம், சின்னையா, முத்து, சண்முக நாடார் என்ற ஆறு பேரையும் அந்த வக்கீலையும் ஒருமுறை மனசில் நினைத்துக்கொள்ளுங்கள். ஊருக்குத் திரும்பியதும், உங்கள் ஊர்க் கோயிலில் இதே மாதிரி வரிசை இருக்கிறதா என்றும் பாருங்கள்.